பத்தாவது அடுக்கு

ஒரு கம்ப்யூட்டரில் ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றைத் திறந்தால், பின்னால் வந்தது முன்னால் வந்ததன் நேரத்தைத் தின்றுவிடும் என்று ஞானவடிவுக்கு முதன்முதலில் சொன்னது அவளுடைய இளைய மகள் எப்சிபாதான்; அதுவும் இன்று காலை பத்து மணிக்கு, ஒரு கால் செருப்புக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக, வீங்கின கடைவாயை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு. “யம்மா, பல் டாக்டர்ட்ட போயிட்டு வர ரெண்டு மணி நேரம் ஆவும். முதல் ஒண்ணரை மணி நேரம் எல்லாத்தையும் கட்டி அடுக்கும், அதுக்குப் பிறகு கறுப்புத் திரையில வரி வரியா நம்பர் விழும். விழட்டும். இதுல வேற எதையும் திறந்திராதீங்க, ஒரு பாட்டுகூட வேண்டாம். ரெண்டு வேலைக்கும் மூளை ஒண்ணுதான். இதுக்கு மூச்சு வாங்கிரும், நேரம் எல்லாம் கூடிரும்.” “நான் ஏன்ட்டி தொடப்போறேன்?” என்று சொல்லிக் கதவைச் சாத்தினவள்தான். மேடவாக்கத்து வாடகை வீட்டின் முன்னறையில், அந்தப் பெரிய கம்ப்யூட்டருக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஒன்றரை மணி நேரமாகிறது. மடியில் முறம், முறத்தில் முருங்கைக்கீரை. கை பாட்டுக்கு உருவுகிறது. மனசு மட்டும் வேதகிரியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. வேதகிரி என்பவர் எப்சிபாவுக்கு மேலே இருக்கிற டீம் லீடர். ஞானவடிவு அவரைப் பார்த்ததில்லை, மூக்கிலிருந்து வருகிற குரலைக் கேட்டதோடு சரி. நாசரேத்தில் அறுபத்தொரு வருஷம் ஒருத்தரிடமும் குரல் உயர்த்தாதவள், குழாயடியில்கூட குடத்தை நகர்த்திக் கொடுத்துவிட்டு வருகிறவள், இந்த ஒரு மனுஷனோடு மூன்று வாரமாக ஓயாத சண்டை போடுகிறாள், அவருக்கே தெரியாமல். கோபம் வரும்போதெல்லாம் ஜெபமாக மாற்றிக்கொள்வாள். ஆண்டவரே, அந்த வேதகிரியின் கண்ணைத் திறவும். ஆனால் மாற்றின பிறகும் அந்த ஜெபத்துக்குப் பல் இருக்கிறது, அவளுக்கே தெரிகிறது. திறவும் என்கிற இடத்தில் கீரைக் காம்பு படக்கென்று ஒடிகிறது. திரையில் ஒரு வரி விழுந்தது. ஒன்பதாவது அடுக்கு, ஆறேகால் விநாடி. அதற்கு முந்தின வரி மூன்று சொச்சம். அதற்கும் முந்தினது ஒன்றரை. பார், எப்படிப் பதவிசாக ஏறுகிறது, இதைப் போய் அந்த மனுஷன் என்ன சொன்னார்.

என்ன சொன்னார் என்பதை நினைக்காமல் இருக்கலாம் என்றுதான் பார்க்கிறாள். நினைப்பு அங்கேயே போய் முட்டுகிறது. பத்தாங்கிளாஸோடு நின்றவள்தான், ஆனாலும் மகள் பார்க்கிற வேலை இன்னது என்று கேட்டு வைத்திருக்கிறாள். இரண்டு ரயிலுக்கு ஒரே தண்டவாளத்தில் ஒரே நேரத்தில் பச்சை விழவே விழாது என்று ஒருவர் நிரூபித்து எழுதிக் கொடுத்தால், அந்த நிரூபணத்தில் ஓட்டை இருக்கிறதா என்று வரி வரியாகச் சரிபார்த்துச் சொல்கிற மென்பொருள். “அது தப்பாச் சொல்லாதும்மா. ஆனா சொல்லி முடிக்கிறதுக்குள்ள எழுதினவன் கிழவனாயிருவான்” என்பாள் எப்சிபா. எங்கே அப்படித் தாமதிக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இவள் வேலை. விவரங்களைச் சேர்த்துக் கட்டின கட்டுக்கு ரெக்கார்டு என்று பெயராம். ரெக்கார்டுக்குள் ரெக்கார்டு, அதற்குள் ரெக்கார்டு என்று ஒன்றிலிருந்து பன்னிரண்டு அடுக்குவரை இவளே செய்து உள்ளே போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் இருபது தடவை ஓட்டி, நடுவாக வருகிற நேரத்தை எடுத்துப் பார்த்தால், ஒரு அடுக்கு கூடினால் நேரம் இரட்டிக்கிறது. ஏன் இரட்டிக்கணும் என்று ஞானவடிவு கேட்டதற்கு, தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றபடியே எப்சிபா சொன்னாள்: “நீங்க கட்டினது உங்க தாய்மாமா மகனைத்தானே. அப்போ அப்பா வழியாப் போனாலும் அம்மா வழியாப் போனாலும் நான் மாசிலாமணி பூட்டன்கிட்டதான் போய் நிப்பேன். ஒரே பூட்டன்னு நமக்குத் தெரியும். இதுக்குத் தெரியாது. அப்பா வழியாப் போய் பூட்டனைத் தலையிலிருந்து கால்வரைக்கும் விசாரிக்கும். திரும்பி வந்து அம்மா வழியாப் போய் அதே பூட்டனை முதல்லேர்ந்து விசாரிக்கும். அவரும் சொந்தத்துல கட்டியிருந்தா அவருக்கு மேல நாலு தடவை. அதுக்கு மேல எட்டு.” அன்றைக்கே ஞானவடிவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பெரிய மனுஷரை எத்தனை தடவைதான் எழுப்பி உட்காரவைத்து, நீர் யார், நீர் யார் என்று கேட்பது? முதல் தடவை சொன்னதை ஒரு ஓரத்தில் குறித்து வைத்துக்கொள்ளக் கூடாதா? “அதைத்தாம்மா நானும் சொல்லுதேன்!” என்று எப்சிபா தோசைத் திருப்பியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். ஒன்பது வாரம் உட்கார்ந்து கண்டுபிடித்தது. அதைத்தான் வேதகிரி, கம்ப்யூட்டர் மீட்டிங்கில் ஐந்து பேர் கேட்க, இந்த மேசையில் ஸ்பீக்கர் அலற, ஞானவடிவு அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிற நேரம் பார்த்துச் சொன்னார்: “எப்சிபா, பத்து அடுக்குக்கு முப்பத்தொரு செகண்டு, பதினோரு அடுக்குக்கு இருபத்தஞ்சா? ஏறுற படி இறங்குதே! என்ன, வீட்ல பக்கத்துல உக்காந்து யாராச்சும் படம் பாத்தாங்களா?” சிரித்தார்கள். ஐந்து பேரும் சிரித்தார்கள், அதில் ஒரு பெண் குரலும் இருந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் எப்சிபா சொல்கிறாள்: “இல்ல சார், அன்னைக்கு நான் ஆபீஸ்ல இருந்தேன். வீட்ல அம்மா மட்டும்தான். அவங்க தொட மாட்டாங்க.” அம்மா என்றதும் இன்னும் ஒரு சிரிப்பு. அம்மா என்றால் அப்படி என்ன சிரிப்பு? அவரை என்ன மரத்திலிருந்தா பறித்தார்கள்? அதோடு விட்டாரா, ஐந்து அடுக்குக்கு மேல் சோதனையே வேண்டாம், வெட்டிப்போடு என்றாராம். ஐந்து அடுக்குவரை எல்லாம் கண்மூடித் திறக்கிறதுக்குள் ஓடிவிடும், குறையே தெரியாது. ரயில்காரர்கள் பத்து அடுக்கு எழுதித்தானே சார் அனுப்பியிருக்கிறார்கள் என்று எப்சிபா கேட்டால், அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாராம். எப்சிபாவின் ஆறு மாசத் தகுதிகாண் அறிக்கையில் ஒரே ஒரு வார்த்தை எழுதினார். கவனக்குறைவு. இன்றைக்கு நாலு மணிக்கு மீட்டிங். சோதனை இருக்குமா போகுமா, அந்த வார்த்தை நிற்குமா அழியுமா, இவள் அந்த வேலையில் நிற்பாளா, எல்லாம் நாலு மணிக்கு. பல் பிடுங்கின வாயோடு எப்படிப் பேசுவாளோ. கவனக்குறைவாம். ஸ்கூல் ஹோம்வொர்க்கில் கோடு கோணினால் பக்கத்தையே கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிற பிள்ளை. அதற்காகவே அடி வாங்கின பிள்ளை, நோட்டை வீணாக்குகிறாள் என்று. யாரிடம்? என்னிடந்தான். ஆண்டவரே, அந்த வேதகிரியின் கண்ணை.

கம்ப்யூட்டரின் விசிறி லேசாக உறுமுகிறது. அவ்வளவுதான், லேசாக. பத்தாவது அடுக்கு ஓடுகிறது போலும். போன தடவை சோதனை ஓடின அன்றைக்கு இதுவா இப்படி உறுமியது? இரைந்தது. ஓட்டு வீட்டில் மழை விழுகிற மாதிரி இரைந்தது. சுகந்தி அக்காகூடக் கேட்டாளே, “என்ன ஞானவடிவு, மெட்ராஸ்ல மழையா?” என்று. ஞானவடிவின் கை கீரையில் நின்றது. சுகந்தி அக்கா எப்போது கேட்டாள்? சுகந்தி அக்கா ஊரில் இருக்கிறாள். நாசரேத்திலிருந்து வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் நடத்துகிறாள், நாற்பது பெண்கள், ஃபோனில் முகம் முகமாக. அவள் கேட்டால் ஃபோனில்தானே கேட்டிருக்க வேண்டும், ஃபோனுக்கு ஏது விசிறி. இல்லை, இதை நினைக்க வேண்டாம், கீரையைப் பார். கீரையில் ஒரு பழுப்பு இலை. அதைக் கிள்ளிப் போட்டாள். ஃபோன் அன்றைக்கு உறைந்துபோயிற்று. சுகந்தி அக்கா வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டாள். இவளுடைய முறை வருகிற நேரம். ஒவ்வொரு வாரமும் சில பேர், ஆளுக்குப் பத்து நிமிஷம் பாரத்தோடு ஜெபிக்க வேண்டும், முன்கூட்டியே நேரம் குறித்துக் கொடுத்துவிடுவாள் சுகந்தி அக்கா, பள்ளிக்கூட மணி மாதிரி. அதனால்தான் அந்த நீலச் சதுரத்தைத் தொட்டாள். கறுப்புத் திரையைத் தொடவில்லை, அதைத் தொட மாட்டாள், எப்சிபா அன்றைக்கு “ஆஃப் மட்டும் பண்ணிராதீங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனாள், இவள் ஆஃப் பண்ணவில்லை. பக்கத்திலிருந்த நீலச் சதுரம், ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கோயில் ஆராதனை பார்க்க எப்சிபாவே வைத்துக் கொடுத்தது, அதை ஒரே ஒரு அமுக்கு. நாற்பது பேரும் வந்துவிட்டார்கள், இந்தப் பெரிய திரையில், பூத்த மாதிரி. அது தொடுவது ஆகாது. அவங்க தொட மாட்டாங்க என்று பிள்ளை சொன்னபோது வெங்காயத்தோடு நின்றவளுக்கு நெஞ்சு நிறைந்ததே, அது பொய்யாகவா நிறைந்தது? சுவரில் அன்றைய வரிகளை அச்சடித்து ஒட்டி வைத்திருக்கிறாள் எப்சிபா. பத்தாவது வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம், வட்டத்தின்மேல் வட்டம், பேனா தாளைக் கிழிக்கிற அளவு. ஒவ்வொரு வரிக்கும் எதிரே தொடங்கின நேரம், முடிந்த நேரம். இத்தனை நாள் அந்தத் தாளுக்குக் கீழே இருக்கிற மேசையைத் துடைத்திருக்கிறாள், ஒரு நாளும் அந்த நேரத்தைப் படித்ததில்லை. படிக்க வேண்டாம். கண்ணாடி எங்கே, கண்ணாடி மூக்கில்தான் இருக்கிறது. பதினொன்று முப்பத்தெட்டு. பதினொன்று நாற்பத்தெட்டு. சுகந்தி அக்கா சொன்ன நேரம் பதினொன்று நாற்பதிலிருந்து பத்து நிமிஷம் இல்லையா? கொஞ்சம் முந்தியே கூப்பிட்டுவிட்டாளே, முந்தின முறைக்காரி பாலம்மாள் சீக்கிரம் ஆமென் சொல்லிவிட்டாள் என்று. அப்படியானால். அப்படியெல்லாம் இல்லை. மற்ற வரிகளும் இருக்கின்றனவே, அவையெல்லாம் ஒழுங்காகத்தானே வந்தன, ஒன்பதும் பதினொன்றும். ஜெபம் முடிந்ததும் மூடிவிட்டாளே. அதனால்தான் பதினொன்று ஒழுங்காக வந்ததா? அந்தப் பத்து நிமிஷம் எதற்காக ஜெபித்தாள்? சொல்லாதே. கண்ணை இறுக மூடி, கையை விரித்து, நாற்பது பெண்கள் ஆமென் ஆமென் என்று சொல்ல, விசிறி இரைய இரைய: ஆண்டவரே, என் மகள் செய்கிற அந்தச் சோதனையை ஆசீர்வதியும், ஒரு குறையும் வராமல் காத்துக்கொள்ளும்.

இன்னும் பத்தாவது வரி விழவில்லை. விழட்டும். இன்றைக்கும் முப்பத்தொன்று என்று விழுந்துவிட்டால் நல்லது. அப்படி ஒன்று நினைத்தாள். நினைத்து முடித்த பிறகுதான் என்ன நினைத்தோம் என்று தெரிந்து, முறம் மடியிலிருந்து சாய்ந்தது. முப்பத்தொன்று விழுந்தால் இவள் மேல் குற்றமில்லை, கம்ப்யூட்டரே அப்படித்தான், நீலச் சதுரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் பிள்ளையின் ஒன்பது வாரம் பொய், ஏறுகிற படி இறங்குகிறது, வேதகிரி சொன்னதுதான் சரி. பெற்ற பிள்ளை தோற்றால் பரவாயில்லை, என் கை சுத்தமாக இருந்தால் போதும் என்று நினைக்கிற மனசா இது? மூன்று வாரமாக அந்த மனுஷனை எந்தக் குணத்துக்காகத் திட்டினாளோ, அந்தக் குணம் இங்கேயே, இந்த மடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. அவள் கண்ணை மூடவில்லை. மூடினால் ஜெபம் வந்துவிடும், ஜெபத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். திரையையே பார்த்தாள். பத்தாவது அடுக்கு, பன்னிரண்டரை விநாடி.

பன்னிரண்டரை. ஆறேகாலுக்கு இரண்டு மடங்கு. பிள்ளை சொன்னது சொன்னபடி. சந்தோஷமும் அவமானமும் ஒன்றாக வந்து, எது முதலில் போவது என்று வழி மறித்துக்கொண்டன. சிந்தின கீரையைக் குனிந்து ஒவ்வொரு இலையாகப் பொறுக்கினாள். பொறுக்கி முடிக்கும்போது பதினோராவது வரியும் விழுந்தது, இருபத்தைந்து. சுவரிலும் இருபத்தைந்து. ஆகக் கெட்டது ஒரே ஒரு வரி, அவள் ஜெபித்த வரி. இனிப் பன்னிரண்டாவது. அதற்குப் பதினேழு நிமிஷம் ஆகும் என்று எப்சிபா சொல்லியிருந்தாள். பதினேழு நிமிஷத்தில் ஒரு மனுஷி எவ்வளவு தூரம் போய்விட்டு வரலாம்! இன்றைக்கு எல்லாம் ஒழுங்காக வருகிறது, நாலு மணிக்கு இந்தத் தாளைக் காட்டினால் போதும், பிள்ளை ஜெயித்துவிடுவாள். பிறகு எதற்கு அந்தப் பழைய வெள்ளிக்கிழமை? யாருக்குத் தெரியும்? நாற்பது பெண்களுக்குக் கம்ப்யூட்டரில் வந்தாளா ஃபோனில் வந்தாளா என்றே தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும், அவர் வேதகிரியிடம் போய்ச் சொல்லப்போவதில்லை. சொல்லாமல் விட்டால் ஒன்றும் ஆகாது. ஆகும். கவனக்குறைவு என்று எழுதினது எழுதினபடி இருக்கும். இன்றைக்குச் சரியாகச் செய்தாய், அன்றைக்குக் கவனக்குறைவாகச் செய்தாய் என்றுதானே அர்த்தமாகும். அந்த வார்த்தைக்குச் சொந்தக்காரி இங்கே கீரை உருவிக்கொண்டிருக்க, அது பிள்ளையின் பெயருக்குக் கீழே நிற்கும். அப்படியும் வேதகிரிமேல் இருந்த கோபம் போயிற்றா என்றால், போகவில்லை. போக வேண்டும் என்று பார்த்தாள், தப்பு என்னுடையது என்று தெரிந்த பிறகாவது போகும் என்று பார்த்தாள், அது இன்னும் நேராக எழுந்து நின்றது. படி இறங்குகிறது என்று கண்ணால் கண்டவர், ஏன் இறங்குகிறது, இன்னொரு தடவை ஓட்டிப் பார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். மொத்தமே இரண்டு மணி நேர வேலை. அதைச் சொல்லாமல் சிரித்தாரே, ஐந்து பேரையும் சிரிக்க வைத்தாரே, ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஏழு வரியையும் வெட்டு என்றாரே, அது மட்டும் கவனமா? படம் பார்த்தார்களா என்று கேட்டதில் பாதி நிஜம் இருந்தது. இருக்கட்டும். பாதி நிஜத்தைக் கேலியாகச் சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்? வீட்டில் அம்மா ஏதாவது திறந்தார்களா, கேட்டுச் சொல் என்று மரியாதையாகக் கேட்டிருந்தால், பிள்ளை இந்த அடுப்படிக்கு வந்து கேட்டிருப்பாள், நானும் ஆமாம்மா என்று சொல்லியிருப்பேன். ஒருத்தரும் என்னிடம் கேட்கவில்லை. அம்மா என்றதும் சிரித்தார்கள், முடிந்துபோயிற்று. அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் தொடத் தெரியாது என்று வேதகிரி நினைத்தார். தொட மாட்டாள் என்று எப்சிபா நினைத்தாள். அவர் இளப்பத்தில் நினைத்தார், இவள் அன்பில் நினைத்தாள். இரண்டு பேருமே என்னைக் கேட்கவில்லை. ஞானவடிவுக்கு இப்போது பிள்ளைமேல்கூடக் கொஞ்சம் கோபம் வந்தது, நெருப்புக்குச்சி அளவு. வந்து அணைந்தது. ஆண்டவரே, என் கண்ணைத் திறந்தீர், சரி. அவருடையதையும் மறந்துவிட வேண்டாம்.

பன்னிரண்டாவது வரி விழுவதற்கும் சாவி திரும்புவதற்கும் சரியாக இருந்தது. எப்சிபா உள்ளே வந்தாள், இடது கன்னம் பஞ்சு வைத்து உப்பி, உதடு ஒரு பக்கம் தொங்கி. செருப்பைக் கழற்றாமலே திரைக்கு முன்னால் போய் நின்றாள். “ஐம்பது! யம்மா, ஐம்பதும்மா!” என்று அவள் சொன்னது ஐம்பது மாதிரி இல்லை, மரத்துப்போன நாக்கில் வேறென்னமோ மாதிரி விழுந்தது. “வாயைத் திறக்காதட்டி, பஞ்சு விழுந்துரும்.” “பாருங்க, பத்து பன்னிரண்டரை, பதினொண்ணு இருபத்தஞ்சு, எல்லாம் இரட்டிக்குது. நான் சொன்னேம்லா!” துள்ளினவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். சிவப்பு வட்டத்தைப் பார்த்தாள். “ஆனா இது ஏன் அன்னைக்கு அப்படி வந்துச்சுன்னு கேப்பாரும்மா. கண்டிப்பாக் கேப்பார். எனக்குச் சொல்லத் தெரியாது. தெரியாதுன்னா மறுபடியும் அதே வார்த்தைதான்.” ஞானவடிவு முறத்தைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் முந்தானையில் துடைத்தாள், துடைக்க ஒன்றும் இல்லாதபோதும். “கேக்கட்டும். எனக்குத் தெரியும்” என்றாள். நீலச் சதுரத்தை விரலால் தொடாமல், தூர நின்று காட்டினாள். ஃபோன் உறைந்தது, சுகந்தி அக்கா வாய் திறந்து நின்றது, தன்னுடைய முறை, பதினொன்று முப்பத்தெட்டு, மழை மாதிரி விசிறி இரைந்தது, என்னத்துக்காக ஜெபித்தாள் என்பது உட்பட எல்லாவற்றையும், நடந்தது நடந்தபடி சொன்னாள். ஒரு இடத்திலும் குரல் இறங்கவில்லை. எப்சிபா சுவரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பாதி உதட்டில் ஒரு சிரிப்பு வந்து, மறு பாதி வராமல், அது சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் நின்றது. “எனக்காகவா ஜெபிச்சீங்க, அந்தப் பத்து நிமிஷமும்?” “ஆமா. உன் சோதனைல குறை வரக்கூடாதுன்னு.” “யம்மா...” “சிரிக்காத, பஞ்சு. அந்த வேதகிரி சார் பேசினது பேச்சில்லை, அதை நான் மன்னிக்கதுக்கு இன்னும் நாளாகும். ஆனா தப்பு தப்புதான்.” எப்சிபா சுவரிலிருந்து தாளை உரித்து மேசையில் வைத்தாள். “பரவால்லம்மா, சும்மா வேற புரோகிராம் ஓடிட்டிருந்துச்சுன்னு போட்டுக்கிடுதேன். உங்களை எதுக்கு இழுக்கணும், அவங்க திரும்பவும் சிரிப்பாங்க.” “சிரிக்கட்டும். கேக்காமச் சிரிச்சவங்க இப்ப கேட்டுட்டுச் சிரிக்கட்டும்.” சிவப்புப் பேனா மேசை விளிம்பில் கிடந்தது. ஞானவடிவு அதை எடுத்து, மூடியைக் கழற்றி, மகளிடம் நீட்டினாள். “அந்த வட்டத்துக்குப் பக்கத்துல எம்பேரை எழுதிரு, யம்மா.”